மியான்மர்ல நெட்டுன்னாலே ஃபேஸ்புக்

2014-க்கு முன்னாடி மியான்மரில் சிம் கார்டு சாமானியன் தொடுற விலையில் இல்லை. வெளிநாட்டு கம்பெனிகள் உள்ளே வந்ததும் ஒன்றரை டாலருக்கு சிம். போன் விற்கும் கடையிலேயே ஃபேஸ்புக் போட்டுக் கொடுத்துடுவாங்க. செய்தியும் அதில்தான், வதந்தியும் அதில்தான்.

ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு எதிரான பதிவுகள் அங்கே வருஷக்கணக்கில் ஓடின. ராணுவ ஆட்களே போலிப் பக்கங்கள் நடத்தினார்கள். 2017 ஆகஸ்ட்டில் ராணுவம் கிராமங்களுக்குள் புகுந்த பிறகு, 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்குத் தப்பி ஓடினார்கள்.

ஃபேஸ்புக் ஏன் தடுக்கலை? பர்மிய மொழி படிக்கத் தெரிந்தவர்கள் அவங்ககிட்ட ரொம்பக் கம்மி. இன்னொன்று, நம்ம பசங்களுக்கு உடனே புரியும்: அங்கே பெரும்பாலானோர் டைப் பண்ணியது ஸாவ்ஜி எழுத்துருவில். நம்ம பாமினி மாதிரி தலைவலி, ஆனா இன்னும் மோசம். யூனிகோடில் பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை அது வேறு எழுத்துகளுக்குப் பயன்படுத்தும். மெஷின் எதை நம்பிப் படிக்கும்?

ஆனா இதையெல்லாம் சாக்காக ஏத்துக்க முடியலை. மொழி தெரிந்த ஆளை வேலைக்கு எடுக்க அவங்ககிட்ட காசா இல்லை? தளபதி மின் ஆங் லைங்கின் பக்கத்தை நீக்கியதே 2018 ஆகஸ்ட்டில்தான். ஊர் எரிந்து ஒரு வருஷம் கழித்து.