வேலியில்லா வயல்கள்

இங்கிலாந்தில், நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டன் சிற்றூருக்கு வருபவர்கள் நார்மானியர் கால மண்கோட்டை மேட்டையும் பழைய தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஆனால் அவ்வூரின் பெரிய வரலாற்றுச் சின்னம், வேலியில்லாத அதன் மூன்று பொதுவயல்கள்தான். மற்ற ஊர்களின் பொதுவயல்களைப் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் அடைத்துப் பிரித்துவிட்டன. இங்கோ, 1635-இல் வரைந்த வரைபடத்தில் உள்ளதுபோல, ஒரே வயலில் பலர் துண்டு துண்டாகப் பயிரிடும் முறை இன்றும் நீடிக்கிறது.

டிராக்டர் ஓடும் வயலில் பழமை ஏது என்று கேட்கலாம். பழமை இருப்பது ஊர்க் கட்டுப்பாட்டில். ஆண்டுதோறும் ஊர் நடுவர்கள் கோதுமை வயலைச் சுற்றிவந்து, முளையடித்து எல்லை குறிக்கிறார்கள். பாதையையும் சேர்த்து உழுதவருக்கு ஊர்மன்றம் அபராதம் விதிக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல, நடப்பிலுள்ள வழக்கமும் காக்கப்பட வேண்டிய சின்னமே.