மேலதிகாரியின் செவி

தொழிற்சாலையாயினும் ஆஸ்பத்திரியாயினும் சர்க்கார் காரியாலயமாயினும், ஏதோ ஒரு பிசகு நேரப்போகிறது என்பதை முதன்முதலில் உணர்கிறவர் உயர்ந்த ஆசனத்தில் வீற்றிருப்பவர் அல்லர். யந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும் தொழிலாளியோ, நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாதியோ, பேரேட்டை வரிவரியாகச் சரிபார்க்கும் குமாஸ்தாவோதான் பெரும்பாலும் அதை உணர்கிறார். உணர்ந்தவர் உடனே சொல்லிவிட்டால் விபரீதங்களில் பாதி விளையாமலே போய்விடும். ஆனால் சொன்னால் பழி நம் தலையில்தான் விடியும், கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள், நமக்கேன் இந்த வம்பு என்ற எண்ணம் அவர் வாயை அடைத்துவிடுகிறது. மேலே இருப்பவரோ அந்த மௌனத்தைக் கண்டு, எல்லாம் க்ஷேமமாக நடக்கிறது என்று திருப்தியடைகிறார்.

சந்தேகம் கேட்பதாலோ, தவற்றை ஒப்புக்கொள்வதாலோ, தலைவரின் அபிப்பிராயத்துக்கு மாறாகப் பேசுவதாலோ தமக்கு அவமானமும் தண்டனையும் நேரமாட்டா என்று ஒரு குழுவினர் அனைவரும் நம்பியிருக்கும் நிலையை உளவியல் பாதுகாப்பு என்கிறார்கள். இத்துறையில் இன்று முதலில் நினைக்கப்படும் பெயர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன். 1990களின் தொடக்கத்தில் அவர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. யாரும் அப்படித்தானே எதிர்பார்ப்பார்கள்? கணக்கோ நேர்மாறாக வந்தது. நல்ல வார்டுகளிலேதான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. திகைத்துப்போன அவர் மறுபடியும் ஆழ்ந்து ஆராய்ந்தபோதுதான் விஷயம் விளங்கிற்று: அங்கே தவறுகள் அதிகமாக நேரவில்லை, நேர்ந்தவை மறைக்கப்படவில்லை. மற்ற வார்டுகளில் தலைமைத் தாதியின் கோபத்துக்கு அஞ்சி அவை புதைக்கப்பட்டன. புதைக்கப்பட்ட தவற்றிலிருந்து எவரும் பாடம் கற்க முடியாதல்லவா? பின்பு ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய நம்பிக்கை நிலவும் குழுக்களே கற்றுக்கொள்ளுகின்றன, அதனால் திறமையாகவும் வேலை செய்கின்றன என்பதை எடுத்துக்காட்டியது.

பண்டிதர்கள் ஆராய்ச்சியால் கண்டறிந்த இந்த உண்மையை, அதற்கு முன்பே விமானிகளின் உலகம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றிருந்தது. 1978 டிசம்பர் 28-ஆம் தேதி, 189 பேருடன் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் கம்பெனி விமானம் ஒன்றில், சக்கரங்களை இறக்கும்போது வழக்கத்துக்கு விரோதமான சத்தம் கேட்டது. சக்கரங்கள் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. அனுபவசாலியான தலைமை விமானி அந்தச் சிக்கலைத் தீர்ப்பதிலும், பிரயாணிகளை ஆபத்தான இறக்கத்துக்குத் தயார் செய்விப்பதிலும் முனைந்து, விமானத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகாயத்திலேயே வட்டமிடச் செய்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வருவதை உடனிருந்த விமானப் பொறியாளர் கவனித்தார், சொல்லவும் சொன்னார். ஆனால் அவர் சொன்னது குறிப்பாகவும் மென்மையாகவும் இருந்ததே தவிர, இப்பொழுதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம் என்று அடித்துச் சொல்லும் வார்த்தையாக இல்லை. கடைசியில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானம் நகர்ப்புறத்தில் மரங்களுக்கிடையே விழுந்தது. அந்தப் பொறியாளர் உட்பட 10 பேர் மாண்டனர். விசாரணை நடத்திய அதிகாரிகள், எரிபொருளைக் கவனியாததையும் உடனிருந்தோர் சொல்லைச் செவிமடுக்காததையும் தலைமை விமானியின் குற்றமாகக் கண்டதோடு நில்லாமல், விமானி அறையில் அவருடன் இருந்த மற்ற இருவரும் தங்கள் கவலையைத் தைரியமாக உணர்த்தத் தவறியதையும் எடுத்துக் கூறினர்.

இந்த விபத்துக்கும், இதற்கு முந்திய ஆண்டு டெனரீஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 உயிர்களைப் பலிகொண்ட கோரத்துக்கும் பிறகு, விமானம் ஓட்டும் கைத்திறமையைப் போலவே கூடிப் பேசும் திறமையையும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1979-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்காக ஒரு மகாநாடு கூட்டிற்று. 1981-இல் யுனைடெட் கம்பெனி தன் விமானிகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. கீழே உள்ளவர் தயங்காமல் எச்சரிக்கக் கற்றார். மேலே உள்ளவர் அந்த எச்சரிக்கையைத் தம் கௌரவத்துக்கு இழுக்காகக் கருதாமலிருக்கக் கற்றார். இவற்றுள் இரண்டாவதே கடினமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பலன் 1989 ஜூலை 19-ஆம் தேதி தெரிந்தது. டென்வரிலிருந்து சிகாகோ சென்ற அதே கம்பெனி விமானம் ஒன்றின் வால்பக்கத்து என்ஜின் நடுவானில் சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் திரவக் குழாய்கள் அனைத்தையும் அறுத்துவிட்டது. இப்படி ஒரு நிலைமைக்கு எந்தப் புத்தகத்திலும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. தலைமை விமானி அல் ஹேன்ஸ், தமக்கு எல்லாம் தெரியும் என்று பாசாங்கு செய்யவில்லை. பிரயாணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி உதவ முன்வந்தபோது அவரையும் உள்ளே அழைத்து, மீதியிருந்த இரண்டு என்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பை அவர் கையில் ஒப்படைத்தார். விமானி அறையில் இருந்த நால்வரும் பேசிப் பேசி, சூ நகர விமான நிலையம் வரை அதைக் கொண்டு சேர்த்தார்கள். தரையைத் தொட்டபோது விமானம் உடைந்து 112 பேர் மாண்டனர் என்றாலும், 296 பேரில் 184 பேர் பிழைத்ததே அபூர்வம் என்று நிபுணர்கள் வியந்தார்கள். அந்த அறையில் இருந்த நால்வரின் அனுபவமும் சேர்ந்து 103 ஆண்டுகள். அவர்களில் தான் ஒருவனுக்கு மட்டும் மற்றவர்களைவிட அதிகம் எப்படித் தெரிந்திருக்கும் என்ற கருத்தில் ஹேன்ஸ் பிற்காலத்தில் பேசியதுண்டு.

உயிருக்கு ஆபத்து வந்தால் எவரும் பேசத்தானே செய்வார்கள், சாதாரண வியாபாரத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் கதை இருக்கிறது. 2006-இல், விமானத் தொழிலிலிருந்து வந்து அதன் தலைமையை ஏற்ற ஆலன் முலாலி, ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிரதான அதிகாரிகள் அனைவரையும் கூட்டி, அவரவர் வேலையின் நிலையை வர்ணங்களால் காட்டச் சொன்னார்: சரியாக நடப்பதற்குப் பச்சை, சிக்கலுக்கு வழி கண்டிருந்தால் மஞ்சள், வழியே தெரியாவிட்டால் சிவப்பு. அந்த வருஷம் கம்பெனிக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்; ஆயினும் வாராவாரம் வந்த அட்டவணைகள் பச்சைப் பசேலென்றே இருந்தன. இவ்வளவு பெரிய நஷ்டத்தை எதிர்நோக்கியிருக்கும் இடத்தில் சரியில்லாதது ஒன்றுகூட இல்லையா என்று அவர் கேட்டும் ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை; ஏனெனில் பலவீனத்தைக் காட்டியவர் பதவியில் நிலைத்ததை அங்கே யாரும் கண்டதில்லை. கடைசியில், அமெரிக்கக் கண்டத்து வியாபாரத்தைக் கவனித்துவந்த மார்க் ஃபீல்ட்ஸ், கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புதுக் காரில் ஒரு கோளாறு தென்பட்டதால் அதை வெளியிடுவதை நிறுத்திவிட்டு, தம் அட்டவணையில் சிவப்பைக் காட்டினார். அறையில் நிசப்தம் நிலவியது. இன்றோடு இவர் தொலைந்தார் என்று சக அதிகாரிகள் எண்ணினார்கள். முலாலியோ கைதட்டினார். இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி கூறி, இதற்கு யார் உதவ முடியும் என்று மற்றவர்களைக் கேட்டார். உடனே ஒருவர் பின் ஒருவராக யோசனை சொல்லத் தொடங்கினர். சில வாரங்களுக்குள் எல்லோருடைய அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் தாராளமாகத் தோன்றின.

இதில் கவனிக்க வேண்டியது, முலாலி அழைத்ததனால் மட்டும் எவரும் பேசிவிடவில்லை என்பதே. பேசுங்கள், தைரியமாகச் சொல்லுங்கள், என் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது என்று பிரசங்கம் செய்யாத மேலதிகாரி உலகத்தில் இல்லை. அந்தப் பிரசங்கத்தை நம்பும் சிப்பந்தியும் அநேகமாக இல்லை. முதல் கெட்ட செய்தி வந்து சேரும் அந்தக் கணத்தில் தலைவரின் முகம் எப்படி மாறுகிறது, முதல் கேள்வி யார் செய்தது என்பதா, என்ன நடந்தது என்பதா என்பதையே அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கேட்கும் முறையிலும் ஒரு நயம் உண்டு. மின்னியாபொலிஸ் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நிர்வாகப் பொறுப்பேற்ற ஜூலியான் மோரத், தவறு ஏதாவது நடந்ததா என்று தாதிகளை விசாரிக்கவில்லை. அப்படிக் கேட்டால் இல்லை என்ற ஒரே பதில்தான் வரும். இந்த வாரம் உங்கள் நோயாளிகள் விஷயத்தில் எல்லாம் நீங்கள் விரும்பிய அளவுக்குப் பத்திரமாக இருந்ததா என்றுதான் கேட்டார். குற்றவாளிக்கூண்டில் ஏற்றாத அந்தக் கேள்விக்கு, தாதிகள் தாங்கள் கண்டதையெல்லாம் மனம் திறந்து சொன்னார்கள்.

இவ்விதம் நடந்துகொண்டால் கட்டுப்பாடு குலைந்துவிடாதா, சோம்பேறிக்கும் அஜாக்கிரதைக்காரனுக்கும் இது புகலிடமாகிவிடாதா என்ற ஆக்ஷேபம் நியாயமானதே. தெரிந்தே விதியை மீறுகிறவனும், குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவனும் மன்னிப்புக்குரியவர்கள் என்று இந்தக் கொள்கை சொல்லவில்லை. எட்மண்ட்சனே, வேலையின் தரத்தைக் குறைத்துக்கொள்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வற்புறுத்துகிறார்: தரத்தைப் பற்றிய கண்டிப்பு இல்லாமல் அச்சமின்மை மட்டும் இருந்தால் அங்கே சுகவாசமே மிஞ்சும், அச்சமின்மை இல்லாமல் கண்டிப்பு மட்டும் இருந்தால் நடுக்கமே மிஞ்சும். மற்ற மூவரிடமும் ஆலோசனை கேட்ட ஹேன்ஸ், தலைமை விமானி என்ற ஸ்தானத்திலிருந்து ஒரு கணமும் இறங்கவில்லை. ஃபோர்டிலும் சிவப்பைக் காட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை; அடுத்த வியாழக்கிழமை அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும். பொய்யான பச்சையைக் காட்டிலும் மெய்யான சிவப்புக்கே உழைப்பு அதிகம்.

ஆகையால் ஒரு ஸ்தாபனத்தில் உண்மைக்கு இடமிருக்கிறதா என்று அறிய, அதன் தலைவர் மேடையில் பேசுவதைக் கேட்டுப் பயனில்லை. கசப்பான செய்தியைக் கடைசியாகக் கொண்டுவந்தவர் இப்பொழுது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தால் போதும். அவர் ஒதுக்கப்பட்டிருந்தால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். அவர் மதிக்கப்பட்டிருந்தால், பத்துப் பேர் திறப்பார்கள். ஃபோர்டு கம்பெனியைப் பொறுத்தவரை இந்த விசாரணைக்குப் பதில் பகிரங்கமானது: 2014-இல் முலாலி ஓய்வு பெற்றபோது அவருடைய ஆசனத்தில் வந்து அமர்ந்தவர், முதன்முதலில் சிவப்பைக் காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ்.