கொம்பனித்தெருக் கடைக் குப்பையும் எமது கமமும்

கொழும்பிலே ஒரு சாப்பாட்டுக் கடையில் சேரும் குப்பைக்கும், காணியை விட்டு இடம்பெயர்ந்து வாழும் ஒரு கமக்காரக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2009 வரையான போர்க்காலத்தில் வன்னியிலிருந்தும் பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் தலைநகரின் கடைகளில்தான் வேலை தேடிக்கொண்டார்கள். கோப்பை கழுவுபவர், பார்சல் கட்டுபவர், கணக்கு எழுதுபவர் என்று எம்மவர் இல்லாத கடைகள் குறைவு. கடைக்குத் தண்டம் விழுந்தால் முதலில் ஆட்டம் காண்பது அவர்களின் சம்பளமே. அத்தோடு, கடை வீசும் மரக்கறிக் கழிவு எமது நிலத்துக்குப் பசளை. கடை தேடும் வாழையிலை எமது வளவில் விளையும் பொருள். ஆகவே இந்த விடயத்தை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

கொம்பனித்தெரு

பேர வாவியின் ஓரமாக அமைந்த பகுதி கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் ஆங்கிலத்தில் இதற்கு அடிமைத்தீவு என்றே பெயர் வழங்கியது. தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் அடுத்தடுத்த வாசலில் வாழும் இடம் இது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் செபமாலை மாதா ஆலயமும் நடந்து போகும் தூரத்திலேயே உள்ளன. இங்குள்ளவர்களுக்கும் இடம்பெயர்வு புதிதல்ல. 2010 இல் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதன் பின்னர் நகர அபிவிருத்தியின் பெயரால் இன்னும் பல குடும்பங்கள் மாடிக் குடியிருப்புகளுக்கு மாறின. வானுயர்ந்த கட்டடங்களின் நிழலில் எஞ்சியிருப்பவை சிறிய சாப்பாட்டுக் கடைகள், தேநீர்க் கடைகள், பலசரக்குக் கடைகள், வாகனத் திருத்தகங்கள் என்பவையே.

பெரிய ஹோட்டல்களில் கழிவைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். பத்தடி அகலக் கடையில் முதலாளியும் இரண்டு பொடியன்களும்தான். நான்கு வாளி வைக்கவும் இடமிராது. ஆனால் சட்டம் இருவருக்கும் ஒன்றே.

சட்டம் வந்த கதை

கொழும்பின் குப்பை நெடுங்காலம் புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. 2009 இல் அது நிறுத்தப்பட்டபின் மீதொட்டமுல்லவில் குவிந்தது. 2016 நவம்பர் 1 முதல், தரம் பிரிக்காத குப்பையை ஏற்பதில்லை என்று கொழும்பு மாநகர சபை அறிவித்தது. ஆனால் மலை ஏற்கெனவே உயர்ந்துவிட்டது. 2017 ஏப்ரல் 14, புதுவருட நாளன்று, அது சரிந்து பக்கத்திலிருந்த வீடுகளைப் புதைத்தது. 32 பேர் உயிரிழந்தார்கள். குப்பையைப் போட்டவர்கள் நகரெங்கும் இருந்தார்கள். செத்தவர்களோ அதன் அடிவாரத்தில் வாழ்ந்த ஏழைகள். உக்கும் கழிவும் உக்காத கழிவும் ஒன்றாகக் கலந்து குவியும்போது உள்ளே நீரும் வாயுவும் சேர்ந்து குவியல் உறுதி இழக்கிறது. தரம் பிரிக்கும் விதியை வெறும் கெடுபிடி என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அதன் பின்னர் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன், சோற்றுப் பார்சலுக்கான பொலித்தீன் லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி என்பன தடை செய்யப்பட்டன. பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் குற்றமாயிற்று.

2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களைச் சின்னஞ்சிறு சஷே பைக்கற்றுகளில் அடைப்பதும், விவசாய இரசாயனங்களைச் சிலவகைப் பிளாஸ்ரிக் கொள்கலங்களில் அடைப்பதும் தடைக்குள் வந்தன.

2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்ரிக் கோப்பை, தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, உறிஞ்சுகுழாய், பூமாலை, இடியப்பத் தட்டு என்பனவும் சேர்ந்தன. தயிர்க் கோப்பைக்கு விலக்கு உண்டு; தயிர்க் கரண்டிக்கு இல்லை.

2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டிலே காட்ட வேண்டும்.

கடைக்காரர் தடுமாறும் இடங்கள்

முதலாவது, மொழி. அறிவித்தல் சிங்களத்தில் வருகிறது. வாசிக்கத் தெரியாதவர் மடித்து லாச்சிக்குள் வைத்துவிடுகிறார். பரிசோதகர் வரும்போதுதான் விடயம் தெரிகிறது. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியே. தமிழில் எழுதிக் கேட்டால் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. கிடைக்காவிடில் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். சண்டை பிடிக்கத் தேவையில்லை; எழுதிக் கேட்டாலே போதும்.

இரண்டாவது, இடம். வாளிகளை அருகருகே வைக்க முடியாவிட்டால் மேலே தூக்கலாம். ஈரக் கழிவுக்கு மூடியுள்ள ஒரு வாளி நிலத்தில் இருக்கட்டும். காய்ந்த பொருட்களுக்குச் சுவரில் ஆணியடித்து உரைச்சாக்கு மாட்டலாம். இலங்கையில் நிறமும் ஒழுங்காக வகுக்கப்பட்டுள்ளது: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். வாளி வாங்கப் பணமில்லாதவர் பழைய வாளியில் நிறத்துணி கட்டினாலும் வேலை நடக்கும்.

மூன்றாவது, செலவு. இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். நாளுக்கு 100 சோற்றுப் பார்சல் கட்டும் கடை, மாதம் 26 நாள் திறந்தால் 2,600 தாள்களை வெளியே அனுப்புகிறது. அவற்றை மலிவாக வாங்கலாம் என்பதற்காகத் தடை செய்யப்பட்ட தாளை மறைத்து வைத்திருப்பவர், ஒரு வழக்கிலேயே அந்த மிச்சத்தை இழந்துவிடுவார். கடைக்குள்ளே சாப்பிடுபவருக்குக் கழுவிப் பாவிக்கும் தட்டும் கரண்டியும் போதும். பார்சலுக்கு உக்கக்கூடிய தாளும் உண்டு, வாழையிலையும் உண்டு.

நான்காவது, கழுவாமை. குழம்பு ஒட்டிய போத்தலையும் எண்ணெய் படிந்த மட்டையையும் எவரும் வாங்கார். ஆனால் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தல், காய்ந்த காட்போட் மட்டை, தகரம், கண்ணாடிப் போத்தல் என்பவற்றுக்கு விலை உண்டு. தெருவால் கூவிக்கொண்டு வரும் போத்தல், பேப்பர் வியாபாரியே மீள்சுழற்சியின் முதற்படி. அவரை விரட்டாமல், கிழமையில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தால் கடையும் சுத்தமாகும், பொடியன்களின் தேநீர்ச் செலவுக்கும் ஏதோ வரும்.

வாகனத் திருத்தகம் வைத்திருப்போர் இன்னும் அவதானமாக இருக்க வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயும் பழைய பற்றரியும் 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி சாதாரண குப்பை அல்ல. அவற்றை வடிகாலில் ஊற்றினால் போய்ச் சேர்வது பேர வாவிக்கு. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்றவரிடமே ஒப்படைத்து, பற்றுச்சீட்டை வைத்திருக்க வேண்டும்.

எம்மால் செய்யக்கூடியவை

இந்த மாற்றத்தில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. வன்னிக் குளக்கட்டில் தாமரை இலையிலும், யாழ்ப்பாணத்து வளவில் வாழையிலையிலும் சோறுண்டு வளர்ந்தவர்கள் நாம். லஞ்ச் சீற்றுக்குப் பதில் என்ன என்று கொழும்பு இன்று தேடுவது எமக்குப் பழகிய பொருளையே. மீளக் குடியேறிய இடத்தில் வாழை வைத்திருப்போர் குலையோடு இலையையும் வருமானமாக்கலாம். ஆனால் குலைக்கு விட்ட மரத்தில் இலையை மிதமிஞ்சி வெட்டினால் காய் சிறுக்கும். இலைக்கென்றே சில பட்டங்களை ஒதுக்குவது நல்லது. காற்றில் கிழியாத மறைவான இடமாக அது இருக்கட்டும். பார்சலுக்கான இலையை நெருப்பணலில் இலேசாக வாட்டி, துடைத்து, அளவாக வெட்டிக் கட்டினால் மடிக்கும்போது வெடிக்காது. ஒரு குடும்பம் தனியே அனுப்பினால் லொறிக்கூலிக்கே காணாது. பத்துக் குடும்பம் சேர்ந்து, கடைகளோடு முன்கூட்டியே பேசி, நாள் தவறாமல் அனுப்பினால்தான் கட்டுபடியாகும். ஒரு நாள் இலை வராவிட்டால் கடைக்காரர் மறுபடி பொலித்தீனுக்கே போவார்.

கமுகு நிற்கும் இடங்களில் விழுந்த பாளையை ஊறவைத்துச் சூட்டில் அழுத்தித் தட்டாக்கலாம். வடக்கில் பனையோலைப் பெட்டிக்குக் குறைவில்லை. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்கி வருகிறது.

அடுத்தது பசளை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது கமக்காரர் பட்ட பாட்டை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. போதிய கூட்டெரு கையில் இல்லாமல் சேதனப் பயிர்ச்செய்கைக்கு மாற முடியாது என்பதே நாம் கற்ற பாடம். நகரத்துக்கு அருகே தங்கியிருப்போரும் சந்தைக்கு அருகே உள்ளோரும் மரக்கறிக் கழிவைக் கேட்டு வாங்கிக் கூட்டெரு செய்யலாம்.

முறை எளிது. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு சருகு, வைக்கோல் அல்லது மரத்தூள் சேர்க்க வேண்டும். இடைக்கிடை சாணகம் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளியே வடிய வேண்டும். நீர் ஓடினால் சருகு போதாது, உதிர்ந்தால் தண்ணீர் போதாது. குவியல் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அந்தச் சூடே களைவிதையையும் நோய்க்கிருமியையும் கொல்லும். கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனையோடு பசளை தயார். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பதார்த்தம் சேர்த்தால் எலியும் ஈயும் மொய்க்கும், அவற்றை ஒதுக்குக. முக்கியமாக, கடையில் பிரிக்காத கழிவை வாங்காதீர்கள். ஒரு சஷே பைக்கற்று உள்ளே போனாலும் அது எமது நிலத்திலேயே தங்கும். கடை தரம் பிரிப்பதன் அருமை அப்போது எமக்கே விளங்கும்.

பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்

கொழும்பிலுள்ள பங்குகளும் இளைஞர் மன்றங்களும் செய்யக்கூடிய உதவி பெரிதல்ல. சிங்கள அறிவித்தலைத் தமிழில் எழுதி ஒரு பக்கத் துண்டாகக் கடைகளுக்குக் கொடுக்கலாம். மாநகர சபை எந்த நாளில் எந்தக் கழிவை எடுக்கிறது என்று கேட்டறிந்து, சுவரில் ஒட்டும்படி கொடுக்கலாம். ஒரே ஒழுங்கையில் உள்ள ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஒரு பொதுவான சாக்கு இடம் வைக்க வழி செய்யலாம். கடையில் வேலை செய்யும் எமது பிள்ளைகளுக்கு ஓய்வு நாளில் இவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். முதலாளிக்கு விதியை விளங்கப்படுத்தும் பொடியனை எந்த முதலாளியும் இலேசில் நிறுத்தமாட்டார்.

ஐயாயிரம் பேர் உண்டு முடித்தபின், எஞ்சிய துண்டுகளை ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கும்படி ஆண்டவர் சீடருக்குப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. பசித்தவர்களின் கைகளில் மிஞ்சியதையும் மதித்த அந்தச் சேர்ப்பு, எல்லாவற்றையும் இழந்து ஒன்றிரண்டிலிருந்து மறுபடி தொடங்கும் எமக்கு நன்கு விளங்கும்.