அத்தி மரத்தின் பெயரில் ஓர் இனம்

கென்யாவின் மிகப் பெரிய இனம் கிகுயு. 2019 கணக்கெடுப்பின்படி அவர்கள் சுமார் 81 லட்சம் பேர். நைரோபியின் வடக்கே கென்யா மலைச்சரிவு வரை நீளும் செம்மண் மேட்டுநிலம் அவர்களது பூர்வீகம். ஆனால் அங்கே போய்க் கேட்டால் 'கிகுயு' என்ற ஒலி காதில் விழாது. அவர்கள் சொல்வது, ஏறக்குறைய 'கெக்கொயோ'.

'கிகுயு' என்பது சுவாஹிலி வழியே ஆங்கிலத்துக்குப் போன வடிவம். சுவாஹிலியில் உயிரொலிகள் ஐந்து. கிகுயு மொழியிலோ ஏழு. கூடுதலாக உள்ள இரண்டையும் எழுத, ஆங்கில ஐ, யு எழுத்துகளின் தலையில் அலைபோல் ஒரு கோடு இடுகிறார்கள். கோடு ஏறிய ஐ நம் 'எ'வுக்கு நெருக்கம். கோடு ஏறிய யு 'ஒ'வுக்கு நெருக்கம். அச்சில் கோடு விடுபட்டால் ஒலியே மாறிவிடுகிறது.

'கெக்கொயோ'வின் முதல் எழுத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 'மகன்' என்று பேச்சில் சொல்லும்போது நடுவில் மெலிந்து வரும் ககரம்தான் அது. 'கெ' ஒரு முன்னொட்டு; முன்னொட்டை அடுத்து க, த போன்ற வல்லொலி வந்தால் முன்னொட்டின் ககரம் மெலியும் என்பது அம்மொழியின் விதி. கென்யா மலையைக் குறிக்கும் 'கெரெஞகா'வில் அடுத்து வருவது ரகரம் என்பதால் முதல் ககரம் வன்மையாகவே நிற்கிறது.

இனப் பெயரின் வேர் ஒரு மரம். 'மொக்கொயோ' என்றால் ஆற்றோரங்களில் ஓங்கி வளரும் அத்தி. நம் ஊர் அத்தியின் உறவு. அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். முன்னொட்டை மாற்றினால் பொருள் மாறும்: 'மெக்கொயோ' பல மரங்கள், 'மொகெக்கொயோ' இனத்தவர் ஒருவர், 'அகெக்கொயோ' இன மக்கள்.

தொன்மக் கதையிலும் இதே மரம்தான். ங்காய் என்னும் கடவுள் முதல் மனிதனைக் கென்யா மலையுச்சிக்கு அழைத்துப்போய், அத்தி மரங்கள் அடர்ந்த இடத்தைக் காட்டி, அங்கே குடியேறச் சொன்னாராம். அங்கே அவன் மனைவி மொம்பியைக் கண்டான். அவர்களின் மகள்களிடமிருந்து குலங்கள் கிளைத்தன. பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டா 1938-இல் வெளியிட்ட நூலில் இக்கதையைப் பதிவுசெய்தார்.

தமிழ் வாசகர்கள் 'கூகி வா தியாங்கோ' என்று அறிந்த நாவலாசிரியர் இம்மண்ணின் மகன். 1978-இல் விசாரணையின்றிச் சிறையில் இருந்தபோது, கழிப்பறைத் தாளில் தாய்மொழியிலேயே நாவல் எழுதினார். அவர் பெயரிலும் அந்த இரு கோடுகள் உண்டு. ஊரார் வாயில் 'கூகி' என்பது 'ங்கொகெ'.