பல்லுக்குள்ளே ஒரு கொத்தனார்

"அம்மா, ஐஸ் தண்ணி குடிச்சா பல்லு சுரீர்ங்குது!" என்று என் கடைக்குட்டி சொன்னபோது அவளுக்கு எட்டு வயது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. "பால்பல்தானேடி, விழுந்து முளைச்சுடும்" என்று சொல்லி விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, பல் டாக்டரிடம் போனபோதுதான் நான் செய்த தப்பு புரிந்தது.

"இது பால்பல் இல்லைம்மா. ஆறு வயசு வாக்குல முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னாடி சத்தமில்லாம வந்துடும். அதான் நிறைய அம்மாக்கள் ஏமாந்துடறாங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிடுங்கணுமா டாக்டர்?" என்றேன்.

"இன்னும் வேருக்குப் போகலை. பல்லுக்குள்ளேயே ஒரு கொத்தனார் இருக்கார். அவருக்கு அவகாசம் கொடுப்போம்" என்றார் சிரித்தபடி.

அவர் விளக்கியதையும், பிறகு நான் படித்துத் தெரிந்து கொண்டதையும் சொல்கிறேன்.

பல்லின் மேல்பூச்சு எனாமல். அதைக் கட்டிய செல்கள் பல் முளைத்ததும் மறைந்து விடுகின்றன. போன எனாமல் போனதுதான். அதற்கு அடியில் இருப்பது டென்டின். அதன் எடையில் சுமார் 70 சதவீதம் தாது உப்பு. மீதி புரதமும் தண்ணீரும். டென்டினைக் கட்டும் செல்கள் உள்ளே உயிரோடு தங்கியிருக்கின்றன. இவை முதலில் கொலாஜன் என்ற புரதத்தால் வலை பின்னும். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகும். கம்பி கட்டி கான்கிரீட் போடுகிற மாதிரிதான்!

சரி, கொத்தனாரைக் கூப்பிடுவது யார்? செய்தி சொல்லும் சில புரதங்கள். 1965-ல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு உருவாவதைக் கண்டார். அதற்குக் காரணமான புரதங்களுக்கு பி.எம்.பி. என்று பெயர். இவையும், டி.ஜி.எஃப். பீட்டா என்ற இன்னொரு வகையும் பல் உருவாகும்போதே டென்டினுக்குள் புதைந்து கிடக்கின்றன. சொத்தையின் அமிலம் டென்டினைக் கரைக்கும்போது இவை விடுபட்டு, "ஆபத்து வருது, சுவரைத் தடிமனாக்கு!" என்று உள்ளே இருக்கும் செல்களுக்குச் சொல்கின்றன.

ஆனால் ஒரு நாளைக்குக் கட்டும் சுவர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு சில பங்குதான். சொத்தை முந்திக்கொண்டால் வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பல்லையே எடுக்க வேண்டியதுதான்.

டாக்டரம்மா மேலே இருந்த அழுகலைச் சுரண்டி, அடியாழத்தில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து இறுக்கமாக அடைத்தார். அந்த மருந்தும் டென்டினில் உள்ள செய்திப் புரதங்களை வெளியே கொண்டுவருமாம். சில மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் உள்ளே புதுச்சுவர் தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது!

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஆறு, ஏழு வயசுப் பிள்ளையின் வாயை இன்றே திறந்து பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பால்பல் ஐந்துதான், ஆறாவதாக இருந்தால் அது ஆயுளுக்கும் உள்ள பல். ராத்திரி படுக்குமுன் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் அதையும் சேர்த்துத் தேய்த்து விடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொத்தனார் உள்ளே தயாராகத்தான் இருக்கிறார். நேரம் கொடுக்க வேண்டியது நாம்தான்.