எவர்சில்வரில் ஓட்டை விழுவது ஏன்?

"எவர்சில்வருக்குச் சாவே கிடையாதுடா" என்பார் என் அம்மா. செம்பூரில் எங்கள் வீட்டில் அவர் மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்த தூக்கு, மழைக்காலம் முடிவதற்குள் அடியில் கசிய ஆரம்பித்தது. கழுவிப் பார்த்தால் பாத்திரம் பளபளவென்றுதான் இருந்தது. அடியில் மட்டும் ஊசி குத்தியது போல ஓர் ஓட்டை! ஆலைப் பராமரிப்பில் முப்பது வருஷம் இருந்தவன் நான். ரகச் சான்றிதழ் இல்லாமல் அங்கே ஒரு போல்ட் கூட வாங்கியதில்லை. மாதுங்கா கடையில் காந்தம் ஒட்டவில்லை என்றதும் இந்தத் தூக்கை வாங்கிவிட்டேன்.

எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அதன்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே ஆறிவிடும். அதற்கு எமன், உப்பிலுள்ள குளோரைடு. பலவீனமான ஒரு புள்ளியில் அது படலத்தை உடைக்கிறது. குழிக்குள் கரையும் உலோகம் தண்ணீருடன் வினைபுரிந்து அமிலம் உண்டாகிறது. அமிலம் மேலும் உலோகத்தைக் கரைக்கிறது. வெளியிலுள்ள குளோரைடும் உள்ளே இழுக்கப்படுகிறது. இப்படிக் குழி தன்னைத்தானே தோண்டிக்கொள்ளும். சாதாரண இரும்பு ஊரறியத் துருப்பிடிக்கும். இது சத்தமில்லாமல் துளைத்துவிடும்.

எந்த ரகம் எவ்வளவு தாங்கும்? குரோமியச் சதவீதத்துடன் மாலிப்டினத்தை 3.3 ஆலும் நைட்ரஜனை 16 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். விடை 304 ரகத்துக்குச் சுமார் 19, 316-க்கு 24, டூப்ளெக்ஸ் 2205-க்கு 35. எண் கூடினால் எதிர்ப்பும் கூடும். 316-ஐ உயர்த்துவது அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம். 201 ரகத்தில் விலை குறைய நிக்கலில் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்க்கிறார்கள். குழி அரிப்பை அது 304 அளவுக்குத் தாங்காது. ஆனால் காந்தம் இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது. ஆகவே காந்தச் சோதனையை நம்பாதீர்கள். ரக எண்ணைக் கேளுங்கள்.

தூக்குப் போனால் ஊறுகாயோடு போயிற்று. குழந்தைகள் சாய்ந்து நிற்கும் பால்கனிக் கைப்பிடி அப்படியா? மும்பையின் உப்புக்காற்று வாஷருக்கு அடியில், இடுக்குகளில் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். அங்கே 316 போடுங்கள். அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவி, போல்ட்டுகளைச் சோதியுங்கள். சமையலில், தண்ணீர் கொதித்த பிறகே உப்பைப் போட்டுக் கலக்குங்கள். அடியில் தங்கும் உப்புக்கல்லும் குழி பறிக்கும்.

ஊறுகாய்? அது இப்போது பீங்கான் ஜாடிக்கே திரும்பிவிட்டது.