பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருஷம் போகாது

பழவேற்காடு மீனவக் குப்பத்துப் பெற்றோரே, பிளஸ் டூவில் ஒரு பாடம் போச்சுன்னு பிள்ளையைப் படகில் ஏத்திடாதீங்க. கல்லூரிக்கு இன்னும் வழி இருக்கு.

விடைத்தாள் நகல்: தேர்ச்சி மதிப்பெண் 35. ஓரிரு மார்க்கில் தவறினாலோ, பாஸாகியும் மார்க் குறைந்தாலோ, முதலில் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம்.

துணைத்தேர்வு: தவறிய பாடத்தை மட்டும் அதே ஆண்டிலேயே எழுதலாம். மறுமதிப்பீட்டு முடிவுக்குக் காத்திருக்காமல் இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

எங்கே? படித்த பள்ளியிலேயே. அவகாசம் சில நாள்தான். தேதிகளை அரசுத் தேர்வுகள் இயக்கக இணையதளத்தில், மொபைலிலேயே பார்க்கலாம்.

துணைத்தேர்வில் தேறியவர்களுக்குப் பொறியியல் துணைக் கலந்தாய்வு உண்டு. கலை, அறிவியல் படிக்க நினைத்தால், பொன்னேரி அரசுக் கல்லூரியில் காலியிடம் இருக்கான்னு உடனே விசாரிங்க.